மூன்று வாடிக்கையாளர்கள், ஆறு மாதங்கள்: பில் தொகையும் வங்கி வரவும் ஒத்துப்போகவில்லை

கேள்வி: கெடிலக்கரை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே விர்ச்சுவல் அசிஸ்டன்ட்டாக வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது, சந்திப்பு நேரங்களைக் குறித்துக் கொடுப்பது, விவரங்களைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றுவது ஆகியவை என் வேலை. ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, கடந்த ஏப்ரலில்தான் தனியாகத் தொடங்கினேன். 2025-26 நிதியாண்டின் முதல் ஆறு மாதங்கள் முடிந்ததும், யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இருப்பது மூன்றே வாடிக்கையாளர்கள். மூன்று கணக்கும் இடிக்கின்றன.

முதலாமவர் அமெரிக்காவில் வாடகை வீடுகளை நிர்வகிப்பவர். மாதம் 400 டாலர் என்று பேசியிருக்கிறோம். இணையவழிப் பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்றின் மூலம் அனுப்புகிறார். ஒவ்வொரு மாதமும் என் பக்கம் 382 டாலர் சொச்சம்தான் காட்டுகிறது. அது ரூபாயாக மாறி வங்கிக்கு வரும்போது, அன்றைய செய்தித்தாளில் பார்த்த டாலர் மதிப்புக்கு இன்னும் குறைவாக இருக்கிறது. தான் 400 டாலர் முழுமையாக அனுப்பிவிட்டதாக அவர் சொல்கிறார், அதுவும் உண்மைதான்.

இரண்டாமவர் சென்னையில் உள்ள ஒரு விளம்பர ஏஜென்சி. மாதம் 18,000 ரூபாய். ஏப்ரல், மே மாதங்களுக்கு முழுத் தொகையும் வந்தது. ஜூன் மாதத்துக்கு 12,600 ரூபாய்தான் வந்தது. ஏதோ தவறு செய்துவிட்டேன், அதற்கு அபராதம் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிட்டேன். ஜூலையிலிருந்து மாதம் 16,200 வருகிறது. கூட்டினால் 10,800 ரூபாய் குறைகிறது.

மூன்றாமவர்தான் பெருங்குழப்பம். புதுச்சேரி வைட் டவுன் பக்கம் ஒரு விருந்தினர் இல்லம். அறை முன்பதிவு மின்னஞ்சல்களை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் 9,500 ரூபாய். கூடுதல் நேரத்துக்கு மணிக்கு 150 ரூபாய். இந்த ஆண்டு ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாக வந்ததால் மூன்று நாள் கூட்டம் அலைமோதியது. அதற்கு மட்டும் 12 மணி நேரம் கூடுதலாக வேலை செய்தேன். உரிமையாளர் நல்ல மனிதர், பணம் தராமல் ஏமாற்றுபவர் அல்லர். ஆனால் 3,000, 2,000, 5,000 என்று கையில் இருக்கும்போது யுபிஐயில் அனுப்புவார். எந்த மாதத்துக்கு என்று எழுத மாட்டார். இதுவரை 17 தடவையாக 49,000 ரூபாய் வந்திருக்கிறது. எந்தப் பில் தீர்ந்தது, எது தீரவில்லை என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. போன வாரம் நினைவூட்டியபோது, "எல்லாம் கொடுத்துவிட்டேனே அம்மா" என்றார்.

என் பில்களுக்கு எண் கிடையாது. வேர்டில் அடித்து, படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். இதை எப்படிச் சீர்படுத்துவது? ஜிஎஸ்டி பதிவு தேவையா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: லாசுப்பேட்டைக் கணக்கர், புதுச்சேரி

வணக்கம் சகோதரி. நான் சிறு கடைகளுக்கும் தனியாகத் தொழில் செய்பவர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே சொல்கிறேன். உங்கள் பணம் பெரும்பாலும் தொலையவில்லை, வேறு பெயரில் இருக்கிறது.

முதலில் சென்னை ஏஜென்சி. அவர்கள் அபராதம் பிடிக்கவில்லை, டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள், அதாவது பணம் தரும்போதே பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி. தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது விதி. 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. ஏப்ரல், மே இரண்டும் சேர்ந்து 36,000 என்பதால் பிடித்தம் இல்லை. ஜூன் பில்லோடு 54,000 ஆகி வரம்பைத் தாண்டியதும், மூன்று மாதத்துக்கும் சேர்த்து 5,400 ரூபாயை ஒரே பில்லில் பிடித்துவிட்டார்கள். 18,000 போக மீதி 12,600. அதன் பிறகு மாதம் 1,800. ஆக மொத்தம் 10,800. உங்கள் ஆறு மாத பில் தொகையான 1,08,000 ரூபாயில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு.

இந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் அரசிடம் வரவாக இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். வருமான வரி இணையதளத்தில் நுழைந்து, உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பிடித்தம் அங்கே தெரிய வேண்டும். ஏனெனில் அந்தக் காலாண்டுக்கான டிடிஎஸ் அறிக்கையைத் தாக்கல் செய்ய ஜூலை 31 கடைசி நாள். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலானதற்கு அக்டோபர் 31 வரை நேரம் இருப்பதால், அது இப்போது காணப்படாவிட்டால் பதற வேண்டாம். ஏஜென்சியிடம், வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. கூடவே எந்தப் பிரிவின் கீழ் பிடித்தார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் வேலையை ஒப்பந்த வேலையாகக் கருதினால் தனிநபருக்கு 1 சதவீதம்தான். அதற்கு வரம்பும் வேறு. எது பொருந்தும் என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்பந்தத்தின் தன்மையைப் பொறுத்தது. இதில் கணக்காளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் பணம் உங்களுடையதே, ஆண்டு முடிவில் வரியில் கழியும் அல்லது திரும்ப வரும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் பலர் செய்யும் ஒரு பிழை இருக்கிறது. வங்கிக்கு 97,200 தானே வந்தது என்று அதையே வருமானமாகக் காட்டிவிடுவார்கள். உங்கள் வருமானம் 1,08,000. பிடித்த 10,800 நீங்கள் முன்கூட்டியே கட்டிய வரி. அமெரிக்கக்காரர் விஷயத்திலும் அப்படித்தான்: 400 டாலர் வருமானம், இடையில் போன கட்டணம் உங்கள் செலவு.

இனி அடிப்படையான ஏற்பாட்டுக்கு வருகிறேன். நீங்கள் இதுவரை வைத்திருப்பது ஒரே பட்டியல்; வேண்டியது இரண்டு. ஒன்று பில் பதிவேடு: பில் எண், தேதி, வாடிக்கையாளர், எந்தக் காலத்து வேலை, தொகை, செலுத்த வேண்டிய கடைசி நாள். மற்றொன்று வரவுப் பதிவேடு: வங்கியில் பணம் விழுந்த தேதி, தொகை, பரிவர்த்தனை எண், யாரிடமிருந்து, எந்தப் பில்லுக்கு எவ்வளவு. ஒரு பில்லுக்கு ஐந்து வரவு இருக்கலாம். ஒரே வரவு இரண்டு பில்லைத் தீர்க்கலாம். இரண்டையும் ஒரே வரியில் எழுத முயன்றால் விருந்தினர் இல்லக் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது. ஒரு பில் எப்போது தீர்ந்தது என்றால், வங்கிக்கு வந்தது, டிடிஎஸ் பிடித்தது, இடையில் கழிந்த கட்டணம் ஆகிய மூன்றையும் கூட்டினால் பில் தொகை வர வேண்டும். வந்தால் அந்தப் பில்லை மூடிவிடுங்கள். வராவிட்டால் மட்டுமே அது பாக்கி. நீங்கள் வங்கிக்கு வந்ததை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விருந்தினர் இல்லத்துக்கு: அவர் எந்த மாதத்துக்கு என்று சொல்லாமல் அனுப்பியதை எப்படி வரவு வைப்பது என்பதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, 59 முதல் 61 வரையிலான பிரிவுகளில். பணம் கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் தம் விருப்பப்படி வரவு வைக்கலாம். இருவருமே எதையும் குறிக்காவிட்டால் கால வரிசைப்படி, பழைய கடனிலிருந்து கழிய வேண்டும். அந்தக் கால வரிசை முறையையே பின்பற்றுங்கள்; யாருக்கும் மனத்தாங்கல் வராது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு 57,000, கூடுதல் 12 மணி நேரத்துக்கு 1,800, மொத்தம் 58,800. ஆகஸ்ட் வரையிலான பில்கள், கூடுதல் நேரத்தையும் சேர்த்து, 49,300. வந்தது 49,000. ஆகவே ஏப்ரல் முதல் ஜூலை வரை தீர்ந்துவிட்டது. ஆகஸ்ட் பில்லில் 300 ரூபாயும் செப்டம்பர் பில் முழுவதும் பாக்கி, ஆக 9,800. இதை 17 வரவுகளின் தேதியோடு ஒரு பக்கத்தில் அச்சிட்டு அவரிடம் கொடுங்கள். "பணம் தாருங்கள்" என்பதைவிட "இந்தக் கணக்கு சரியா பாருங்கள் ஐயா" என்று கேட்பது நம் ஊரில் எளிதாக வேலை செய்யும்.

பில் எண்ணுக்கு 001/25-26 என்பதுபோல நிதியாண்டோடு சேர்ந்த வரிசை எண் போதும். வாடிக்கையாளருக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக வைக்காதீர்கள். ஒரே வரிசை இருந்தால்தான் விடுபட்டது கண்ணில் படும். ஒருமுறை அனுப்பிய பில்லைத் திருத்தி அதே எண்ணில் மறுபடி அனுப்பவும் கூடாது. ரத்து செய்து புதிய எண் கொடுங்கள். படமாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் "அனுப்பியிருக்கிறேன்" என்று மட்டும் தெரிவியுங்கள். தொழில் வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே திறந்துவிடுங்கள்.

பதில் 2: சில்வர் பீச், கடலூர்

கணக்கர் ஐயா சொன்னது அனைத்தும் சரி. ஆனால் பதிவேடு எத்தனை அழகாக இருந்தாலும், வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் வரை தொல்லை தீராது. நான் ஐந்து ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். இரண்டாம் ஆண்டிலேயே எல்லா மாதாந்திர வாடிக்கையாளர்களையும் முன்பணத்துக்கு மாற்றிவிட்டேன். மாதம் 25ஆம் தேதி அடுத்த மாதத்துக்கான பில் போகும். 1ஆம் தேதிக்குள் பணம் வந்தால் வேலை தொடங்கும். கூடுதல் நேரத்தை மட்டும் மாத முடிவில் தனி பில்லாகப் போடுவேன். இதைச் சொன்னபோது ஒருவர் விலகினார், மற்றவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஒப்புக்கொண்டார்கள். விலகியவர்தான் எப்போதும் இரண்டு மாதம் பாக்கி வைப்பவர்.

பதில் 3: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தோழிக்கு வணக்கம். நான் பிரெஞ்சு தெரிந்தவள் என்பதால் பிரான்சில் உள்ள இரண்டு சிறு நிறுவனங்களுக்கு இதே வேலையைச் செய்கிறேன். வெளிநாட்டு வரவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

400 டாலர் பில்லுக்கு 382 டாலர் வருவதில் யார் மேலும் தவறில்லை. கட்டணத்தை யார் ஏற்பது என்று நீங்கள் முதலில் பேசவில்லை, அவ்வளவே. இரண்டு கழிவுகள் நடக்கின்றன. பணத்தை வாங்கித் தரும் நிறுவனம் சதவீதக் கணக்கில் எடுப்பது ஒன்று. அது அறிக்கையில் வெளிப்படையாகத் தெரியும். டாலரை ரூபாயாக்கும்போது சந்தை மதிப்பைவிடக் குறைத்துத் தருவது மற்றொன்று. அது எந்த அறிக்கையிலும் கட்டணம் என்ற பெயரில் இருக்காது, நீங்களே அன்றைய மதிப்போடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனவே வரவுப் பதிவேட்டில் டாலர் தொகை, கட்டணம், கிடைத்த மாற்று மதிப்பு, வங்கியில் விழுந்த ரூபாய் என்று நான்கு பத்திகள் வையுங்கள். மூன்று மாதம் எழுதினால் போதும், எந்த வழியில் வாங்குவது உங்களுக்கு மலிவு என்று தாளே சொல்லிவிடும். வங்கிக்கு நேரடியாக ஸ்விஃப்ட் எனப்படும் வங்கிகளுக்கிடையேயான பன்னாட்டு வழியில் அனுப்பச் சொன்னால், நடுவில் உள்ள வங்கிகள் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும். அது தொகையின் அளவைப் பெரும்பாலும் சார்ந்திராததால், சிறிய பில்லுக்குக் கட்டுப்படியாகாது, மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்பினால் கட்டுப்படியாகும்.

ஒவ்வொரு வெளிநாட்டு வரவுக்கும் எஃப்ஐஆர்ஏ எனப்படும் வரவு அறிவிப்பை இறக்கி, அந்தந்தப் பில்லோடு சேர்த்து ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் அந்நியச் செலாவணியாகத்தான் வந்தது என்பதற்கு அதுவே சான்று. பணம் எதற்காக வந்தது என்பதைச் சொல்லும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்கும்போது ஏதோ ஒன்றைத் தொட்டுவிடாதீர்கள். குடும்பத்தாருக்கு அனுப்பும் பணத்துக்கான குறியீட்டைப் போட்டுவிட்டு, பின்னால் அதையே தொழில் வருமானமாகக் காட்ட வேண்டியிருந்தால் பதில் சொல்லி மாளாது. என் அனுபவத்தைக் கேளுங்கள்: முதல் வரவில் நான் அதைத்தான் செய்தேன், திருத்துவதற்கு வங்கிக்கு நான்கு முறை நடந்தேன்.

அமெரிக்கர் உங்களிடம் டபிள்யூ-9 என்ற அந்நாட்டு வரிப் படிவம் கேட்டால் நிரப்பாதீர்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு வரி செலுத்தும் குடியிருப்பாளர்களுக்கும் உரியது. நீங்கள் தர வேண்டியது வெளிநாட்டவருக்கான டபிள்யூ-8பென் படிவம். வேலை முழுவதையும் கடலூரில் உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பதால் அது அமெரிக்காவில் ஈட்டிய வருமானம் ஆகாது, அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரை அது செல்லும். தேதியை உங்கள் ஷீட்டில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, இது பிரெஞ்சு வாடிக்கையாளர் வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்களுக்காக. அந்நாட்டு வணிகச் சட்டப்படி நிறுவனங்களுக்கிடையே பேசிக்கொள்ளாவிட்டால் 30 நாள் தவணை. பேசிக்கொண்டால் பில் தேதியிலிருந்து அதிகபட்சம் 60 நாள், அல்லது மாத முடிவோடு சேர்ந்த 45 நாள். இந்த இரண்டாவது முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. பில் போட்ட மாதத்தின் கடைசி நாளிலிருந்து 45 நாள் எண்ணும் நிறுவனத்துக்கு, செப்டம்பர் 30 தேதியிட்டு பில் அனுப்பினால் நவம்பர் 14 அன்று பணம். அதையே சோம்பிப்போய் அக்டோபர் 2 அன்று அனுப்பினால் அக்டோபர் 31இலிருந்து எண்ணுவார்கள், டிசம்பர் 15 ஆகிவிடும். இரண்டு நாள் தாமதத்துக்கு ஒரு மாதம் விலை. ஓராண்டு முழுக்க இதைத் தெரியாமல் ஒவ்வொரு மாதமும் 2ஆம் தேதி, 3ஆம் தேதி என்று பில் அனுப்பி வந்தேன். வாடிக்கையாளர் தாமதம் செய்கிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தேன். ஆகவே தோழி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் "எந்த நாளில் பில் வந்தால் எந்த நாளில் பணம் போடுவீர்கள்" என்று கேட்டு, அதைப் பில் பதிவேட்டின் தலையிலேயே எழுதி வையுங்கள்.

பதில் 4: பாகூர் ஏரி, புதுச்சேரி

ஜிஎஸ்டி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிநாட்டு வருமானமும் அந்த மொத்தத்தில் சேரும். நீங்கள் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறீர்கள்.

நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. கடலூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டினால் சட்டப்படி அது வேறு பிரதேசம். ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் ஒரு ரூபாய்க்கும் பதிவு வேண்டும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தலாம். பொருள்களுக்குப் பொதுவாக அந்த விதி உண்டு. சேவைகளுக்கு 2017 அக்டோபரிலேயே விலக்கு அளித்துவிட்டார்கள், அதே 20 லட்ச வரம்பு வரை. வருங்காலத்தில் பதிவு செய்தால் மட்டும், விருந்தினர் இல்லத்துக்குப் போடும் பில்லில் மத்திய, மாநில வரி என்று பிரிக்காமல் ஒருங்கிணைந்த வரியாகப் போட வேண்டும். சென்னை ஏஜென்சிக்கு இரண்டாகப் பிரித்துப் போடுவீர்கள். 200 கிலோமீட்டருக்கு அருகில் உள்ள சென்னை உள்ளூர், பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடும் புதுச்சேரி வெளியூர். வெளிநாட்டுப் பில்லுக்கு, எல்யுடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் தாக்கல் செய்துவிட்டால் வரி கட்டாமலே பில் போடலாம். இவை எல்லாம் பதிவு செய்த பிறகு வரும் கதை. இப்போதைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வசூலிப்பது சட்ட விரோதம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவங்களில் "டாக்ஸ் இன்வாய்ஸ்" என்ற தலைப்பு இருக்கும். அதை நீக்கிவிட்டு "இன்வாய்ஸ்" என்று மட்டும் வையுங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்திலேயே கட்டணமின்றி முடிந்துவிடும். பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உங்களைப் போன்ற குறுந்தொழில் செய்பவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. சென்னை ஏஜென்சி என்றாவது தாமதித்தால் இன்னொரு பிடியும் உண்டு: இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை அவர்கள் தங்கள் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதத்தில் பல நிறுவனங்கள் தாமாகவே கூப்பிட்டுப் பணம் தருவதைப் பார்க்கலாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிடுவதே பாதி வேலையைச் செய்துவிடும்.

பதில் 5: லாசுப்பேட்டைக் கணக்கர், புதுச்சேரி

பாகூர் நண்பர் சொன்ன சட்டம் சரி. ஆனால் விருந்தினர் இல்லத்துக்காரரிடம் அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 9,800 ரூபாய்க்காகக் கூட்டு வட்டி பேசினால் பணம் வரும், வாடிக்கையாளர் போய்விடுவார். மேலும் உத்யம் பதிவு பில்லுக்கு முன்பே இருந்தால்தான் வாதம் உறுதியாக நிற்கும். பழைய பில்லுக்கு இன்று பதிவு செய்து பயனில்லை. சில்வர் பீச் நண்பர் சொன்ன முன்பணம் வெளிநாட்டவருக்கும் ஏஜென்சிக்கும் பொருந்தும். பருவத்தை நம்பிப் பிழைக்கும் விடுதிக்காரருக்கு மாதத்தில் 5ஆம் தேதி பாதி, 20ஆம் தேதி பாதி என்று பிரித்துக் கொடுங்கள். அவர் ஏற்கெனவே தவணையில்தான் தருகிறார், அதற்கு ஒரு ஒழுங்கு மட்டும் வேண்டும். யுபிஐ குறிப்பில் பில் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

மென்பொருள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று வாடிக்கையாளருக்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். எண்ணிக்கை கூடினால் ஸோஹோ இன்வாய்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. பில் எண், நினைவூட்டல், பகுதி வரவு எல்லாம் அதிலேயே நடக்கும். ஆனால் கையால் ஓர் ஆறு மாதம் எழுதியவருக்குத்தான் அது காட்டும் எண் தவறா சரியா என்று தெரியும்.

கேட்டவர்: கெடிலக்கரை, கடலூர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு இரவு உட்கார்ந்து ஏப்ரலிலிருந்து எல்லாப் பில்களுக்கும் எண் கொடுத்து, இரண்டு பதிவேடுகளையும் எழுதி முடித்தேன்.

26ஏஎஸ் படிவத்தில் 5,400 ரூபாய் இருக்கிறது. மீதி 5,400 இன்னும் ஏறவில்லை. நீங்கள் சொன்னபடி அக்டோபர் 31 வரை காத்திருக்கிறேன். அமெரிக்கரிடம் ஆறு பில்லுக்கும் போன கட்டணம் 107 டாலர் 40 சென்ட் என்று எழுதிக் காட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து பாதியைத் தான் ஏற்பதாகச் சொன்னார். நான் கேட்டிருந்தால் ஏப்ரலிலேயே ஒப்புக்கொண்டிருப்பார் போல.

விருந்தினர் இல்லத்துக்கு நேற்று நேரிலேயே போய், 17 வரவுகளோடு கணக்குத் தாளைக் கொடுத்தேன். அவர் கல்லாவில் இருந்த பையனை அழைத்து, அவர்கள் பக்கத்துப் பட்டியலோடு ஒவ்வொன்றாக டிக் அடிக்கச் சொன்னார். அவர்களிடம் 18 இருந்தது. ஏப்ரல் 11 அன்று 1,000 ரூபாய், என் பட்டியலில் இல்லாதது. என் கைபேசியில் எங்கும் காணவில்லை. தேடித்தேடிப் பார்த்தால், என் சொந்தக் கணக்கு தயாராகும் முன், முதல் வாரத்தில் அம்மாவின் கணக்குக்கான க்யூஆர் படத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். பணம் அம்மா கணக்கில் விழுந்து, அம்மாவும் அது என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறார்.

ஆகவே வரவு 50,000. ஆகஸ்ட் பில் தீர்ந்து, 700 ரூபாய் செப்டம்பருக்குப் போகிறது, பாக்கி 8,800. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, தீபாவளிக்கு முன்பே தந்துவிடுகிறேன் என்றவர், நான் பேருந்தில் கிருமாம்பாக்கம் தாண்டும்போதே 8,800 ரூபாயை அனுப்பிவிட்டார். குறிப்பில் பில் எண் இருந்தது.

ஒரே ஒரு சந்தேகம். அம்மா கணக்கில் விழுந்த அந்த 1,000 ரூபாயை எப்படி எழுதுவது?

பதில் 6: லாசுப்பேட்டைக் கணக்கர், புதுச்சேரி

உழைத்தது நீங்கள் என்பதால் வருமானமும் உங்களுடையதுதான் சகோதரி. வரவுப் பதிவேட்டில் ஏப்ரல் 11 தேதியிலேயே எழுதி, "அம்மா கணக்கில் பெற்றது" என்று பக்கத்தில் குறியுங்கள். அம்மாவிடமிருந்து அந்தத் தொகையை உங்கள் தொழில் கணக்குக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் பரிவர்த்தனை எண்ணையும் அதே வரியில் சேருங்கள்; அதை இன்னொரு வரவாக எழுதிவிட வேண்டாம், 1,000 ரூபாய் இரண்டு முறை ஏறிவிடும். அந்தப் பழைய க்யூஆர் படம் விடுதிக்காரர் கைபேசியில் இன்னும் இருக்கும். அழிக்கச் சொல்லிவிட்டீர்களா?